படைத்தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்

புகழ் பெறுதல் அரிது. பெற்ற புகழை ஒருபால் வைத்துவிட்டுப் பெயரறியாப் பலருள் ஒருவராய் நின்று கடமையாற்றுதல் அதனினும் அரிது. அமெரிக்கத் திரைப்பட நடிகருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவ்வரிய செயலைச் செய்தவர். இவருடைய நடிப்பைப்பற்றிப் பலரும் பலபடப் பேசியுள்ளனர். இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்து இங்கிலாந்தில் தங்கிய குண்டுவீச்சு விமான அணியொன்றை இவர் நடத்திய மாதங்களே ஈண்டு நாம் கருதுதற்கு உரியன. அவ்வணியினரின் அன்றாட வாழ்க்கை எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தாலன்றி இவருடைய உள்ளத்தை நாம் அறிதல் இயலாது.

ஸ்டூவர்ட் 1908-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள இந்தியானா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். தாயார் எலிசபெத்து பியானோ வாசிப்பதில் வல்லவர். இருவரும் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சார்ந்து தெய்வபக்தியோடு இல்லறம் நடத்தினர். பாட்டனார் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும், தந்தையார் 1898-இல் நிகழ்ந்த ஸ்பானியப் போரிலும் பின்னர் முதல் உலகப் போரிலும் பணிபுரிந்தவர்கள். ஆதலின், நாடு அழைக்குங்கால் செல்லுதல் வேண்டும் என்பது அவ்வீட்டில் எவரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கிய பாடமாயிற்று.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 1932-இல் பட்டம் பெற்ற இவ்விளைஞர், கட்டடம் ஒன்றும் கட்டாமல் நாடக மேடைக்குச் சென்றார். அங்கிருந்து ஹாலிவுட்டுக்குப் போந்தார். கிடைத்த பொருளைக்கொண்டு விமானம் ஓட்டக் கற்று, 1935-இல் அதற்குரிய உரிமமும் பெற்றார். 1940-இல் வெளிவந்த பிலடெல்பியா ஸ்டோரி என்னும் படத்தில் நடித்தமைக்காக 1941 பிப்ரவரியில் ஆஸ்கர் பரிசு இவரை அடைந்தது. அப்பரிசுச் சிலையைத் தந்தையார் தம் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் ஊரார் காண வைத்தார் என்பர்.

பரிசு பெற்ற ஒரு திங்களுக்குள் இவர் படையிற் சேர்ந்தார். அதுவும் எளிதில் வாய்த்ததன்று. கட்டாயப் படைச்சேர்க்கையில் இவர் பெயர் வந்தபோது, ஆறடிக்கு மேற்பட்ட உயரத்திற்கு ஏற்ற நிறை இல்லையென்று மருத்துவர் இவரை விலக்கினர். பிறர் இதனை நல்வாய்ப்பென்று கருதி மகிழ்ந்திருப்பர். இவரோ, உணவைப் பெருக்கி, உடலைத் தேற்றி, மீண்டும் சென்று நின்றார். 1941 மார்ச் 22-ஆம் நாள் சாதாரணப் போர்வீரராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஆயிரக்கணக்கான டாலர் ஈட்டியவருக்கு அன்று முதல் மாதச் சம்பளம் 21 டாலர்.

1942-இல் அதிகாரி நிலைக்கு உயர்ந்தபின், விமானம் ஓட்டுவாரைப் பயிற்றும் வேலை இவருக்கு அளிக்கப்பட்டது. பெயர் பெற்ற நடிகரைப் போர்முகத்திற்கு அனுப்பி இழந்துவிடலாகாது என்பது மேலதிகாரிகளின் எண்ணம். தம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர்பின் ஒருவராய்க் கடல் கடந்து செல்லத் தாம் மட்டும் பின்தங்கி நிற்பதை இவர் மனம் பொறுக்கவில்லை. பலகால் வேண்டியபின் 1943-இல் 445-ஆம் குண்டுவீச்சுத் தொகுதிக்கு மாற்றப்பட்டு, சில வாரங்களுக்குள் அதன் நான்கு அணிகளுள் ஒன்றாகிய 703-ஆம் அணிக்குத் தலைவரானார். புறப்படுமுன் தந்தையார் ஒரு கடிதத்தை இவர் சட்டைப்பையில் வைத்தார். அதனுடன் 91-ஆம் சங்கீதத்தின் படி ஒன்றும் இருந்தது. அக்காகிதம் போர் முடியுமளவும் இவரைப் பிரியவில்லை.

1943 நவம்பரில் இவ்வணி இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியிலுள்ள நார்போக் மாவட்டத்தில் டிபெனம் என்னும் சிற்றூரை அடைந்தது. விளைநிலங்களின் நடுவே புதிதாய் அமைந்த விமானத்தளம் அது. எங்கும் சேறு; எப்பொழுதும் மூடுபனி. அரைவட்டக் கூரையுடைய இரும்புத் தகட்டுக் குடில்களே வீரர்களின் இருப்பிடம். குடிலுக்கு ஒன்றாய் வைத்த சிறு கணப்பு அங்குள்ள ஈரக்குளிரைப் போக்கப் போதவில்லை. அளந்து தந்த கரி தீர்ந்தபின் கிடைத்த விறகையெல்லாம் தேடி எரித்தனர். குடிலுக்கும் உணவுச்சாலைக்கும் இடையே தூரம் மிகுதியாதலின் பலர் சைக்கிள் வைத்திருந்தனர். பனி மூடிய நாட்களில் விமானங்கள் எழா. அன்று கடிதம் எழுதுதலும், சீட்டாடுதலும், உறங்குதலுமே வேலை. வீட்டிலிருந்து வரும் கடிதமே அவர்கள் பெற்ற பெருஞ்செல்வம்.

தாக்குதல் நாளோ வேறு வகையது. வைகறைக்கு நெடுநேரம் முன்னரே ஒருவர் குடில்தோறும் சென்று, அன்று பறத்தற்குரியாரைப் பெயர் சொல்லி எழுப்புவார். பிற நாட்களில் தூளாக்கிய முட்டையை உண்பவர்க்கு அன்று புதிய முட்டை கிடைக்கும். அதனைக் கண்டே செல்லும் வழி கொடியதென்று சிலர் உய்த்துணர்வர். பின்னர் அனைவரும் கூடத்திற் கூடுவர். சுவரிலுள்ள படத்தின் திரையை விலக்கியவுடன், டிபெனத்திலிருந்து இலக்குவரை இழுத்துக் கட்டிய நூல் தோன்றும். அந்நூல் ஜெர்மனியினுள் எத்துணைத் தொலை செல்கிறதோ அத்துணை ஆழ்ந்த அமைதி கூடத்தில் நிலவும். அங்கிருந்து வெளிவருவாருள் விரும்பினவர்கள் படைக் குருவானவரிடம் சென்று செபித்துவிட்டு விமானத்தை நோக்கிச் செல்வர்.

அவர்கள் ஏறிய விமானம் லிபரேட்டர் எனப்படுவது. எஞ்சின் நான்கு, செல்வோர் பதின்மர். 20,000 அடிக்கு மேல் எழும் அதன் உட்புறத்தில் காற்றைக் காத்து வைக்கும் அமைப்பு இல்லை. ஆதலின், முகமூடி வழியே பிராணவாயுவை உட்கொண்டாலன்றி உயிர் தரியாது. உறைநிலைக்குக் கீழே 40 பாகையளவும் செல்லும் குளிரில், மின்சாரத்தால் வெம்மையூட்டும் உடை பழுதுற்றால் விரல்கள் கருகிவிடும். பக்கச் சாளரங்களில் துப்பாக்கி பிடித்து நிற்போர்மேல் காற்று நேரே வீசும். ஒரு விமானம் தன் கூட்டத்தை விட்டு விலகினால் பகைவிமானங்கள் அதனைச் சூழ்ந்துகொள்ளும். நெருங்கிப் பறந்தாலோ எல்லாருடைய துப்பாக்கிகளும் எல்லாரையும் காக்கும். இந்நெருக்கத்தை விடாது காத்தல் வேண்டும் என்பதையே ஸ்டூவர்ட் தம் அணியினர்க்கு ஓயாது கற்பித்தார்.

அவ்வணியின் முதல் தாக்குதல் 1943 டிசம்பர் 13-ஆம் நாள் கீல் துறைமுகத்தின்மீது நிகழ்ந்தது; தலைவரும் உடன் சென்றார். 1944 ஜனவரி 7-ஆம் நாள் லுட்விக்ஸ்காபன் நகரைத் தாக்கித் திரும்புகையில் இவரது தெளிவு வெளிப்பட்டது. முன்சென்ற வேறொரு தொகுதி வழி தவறிப் பக்கம் திரும்பியது. இவர் வானொலி வழியே பிழையை உணர்த்தியும் அத்தொகுதி கேட்கவில்லை. தாம் அறிந்த நேர்வழியே செல்ல இவருக்கு உரிமை இருந்தது. ஆயினும், தனியே விடப்பட்டால் அவர்கள் அழிவர் என்று கருதி, தவறான வழியென்று அறிந்தும் தம் தொகுதியுடன் அவர்களைப் பின்தொடர்ந்தார். பகைவிமானங்கள் பாய்ந்தன, முன்சென்றாருள் சிலர் வீழ்ந்தனர், இவர் தொகுதி துணை நின்றமையால் மற்றையோர் பிழைத்தனர். தவறு செய்தவனைத் தவறோடு விட்டுவிடுதல் நீதியாகலாம். அது தலைமை ஆகாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அணித்தலைவர் எல்லாத் தாக்குதலுக்கும் செல்வதில்லை. செல்லாத நாளே அவருக்குக் கொடிய நாள். பிற்பகலில் விமானங்கள் திரும்பும் வேளையில், தரையிலிருந்து பழுது பார்க்கும் தொழிலாளர் முதலாக அனைவரும் வெளியே வந்து வானத்தை நோக்கி எண்ணத் தொடங்குவர். காயமுற்றாரைக் கொண்டுவரும் விமானம் செந்நிற வாணத்தை எய்து முதலில் இறங்கும். எண்ணிக்கை குறைந்தால், எரிபொருள் தீரும் நேரம் கடக்குமளவும் காத்திருப்பர். அதன்பின் குடிலில் வெறுமையான கட்டில்கள். இல்லாதவரின் உடைமைகளைத் திரட்டி வீட்டுக்கு அனுப்புதல். தாய்க்கோ மனைவிக்கோ எழுதவேண்டிய கடிதம். மறுநாள் புதியவர் வந்து அக்கட்டிலில் உறங்குவர்.

1944 பிப்ரவரி 20-ஆம் நாள் பிரன்ஸ்விக் நகரத் தாக்குதலைத் தலைமை தாங்கி நடத்தியதற்காக இவருக்குச் சிறந்த பறப்புக்குரிய சிலுவைப் பதக்கம் அளிக்கப்பட்டது. நான்கு நாட் கழித்து, 24-ஆம் நாள், 445-ஆம் தொகுதி கோத்தா நகரிலுள்ள விமானத் தொழிற்சாலையைத் தாக்கச் சென்றது. அன்று ஸ்டூவர்ட் பறக்கவில்லை. பகைநாட்டினுள் புகுந்த 25 விமானங்களுள் 13 திரும்பவில்லை. காலையில் உடன் உண்டவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாலையில் இல்லை. மறுநாட் காலையிலேயே மீண்டும் பெயர்கள் அழைக்கப்பட்டன. இவர் தாமே முன்னின்று பியூர்த் நகருக்குச் சென்றார். பகைவர் பீரங்கிக் குண்டொன்று இவர் காலடியில் விமானத்தின் அடித்தளத்தைத் துளைத்துச் சென்றது. பழுதுற்ற அவ்விமானம் எப்படியோ டிபெனம் வந்து இறங்கியது.

இவர் அச்சமற்றவர் அல்லர். தாக்குதலுக்கு முந்திய இரவுகளில் நேரக்கூடிய கேடுகளையெல்லாம் எண்ணி நெஞ்சம் நடுங்கியதையும், அப்போது தந்தை தந்த சங்கீதத்தைப் படித்து ஆறுதல் பெற்றதையும் பிற்காலத்தில் இவரே தெரிவித்துள்ளார். தம் உயிரினும், தம் சொல்லால் அனுப்பப்படும் இளைஞரின் உயிரே இவருக்குப் பெருஞ்சுமையாயிருந்தது. மற்றொன்றும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அவ்விமானங்கள் தொழிற்சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் குறிவைத்தன. ஆயினும், மேகம் மறைத்தபோது குண்டுகள் குடியிருப்போர் வீடுகளின்மீதும் வீழ்ந்தன. கொடுங்கோன்மையை ஒழிக்க எழுந்த போராயினும், மாசற்றார் பலர் அதில் மாண்டனர். இதனை மறைத்து இவர் வரலாற்றைப் புகழ்மாலையாக்குதல் முறையன்று.

1944 மார்ச்சு இறுதியில், தலைவர்களை இழந்து தளர்ந்திருந்த 453-ஆம் தொகுதிக்கு இவர் மாற்றப்பட்டு, ஓல்ட் பக்கனம் தளத்தில் தாக்குதல்களை வகுக்கும் அதிகாரியானார். ஆங்கும் கடினமான தாக்குதல்களில் தாமே உடன் சென்றார். இவர் கணக்கில் எழுதப்பட்ட தாக்குதல்கள் 20. 1945 மார்ச்சில் கர்னல் பதவி எய்தினார். சாதாரண வீரராய்ச் சேர்ந்து நான்காண்டுகளில் அந்நிலையை எய்தியவர் மிகச் சிலர். இவர் சார்ந்த எட்டாம் விமானப்படை அப்போரில் இழந்தவர் தொகையோ 26,000-க்கு மேற்பட்டது.

தாயகம் திரும்பியபோது 37 வயதினரேயாயினும் இவர் தோற்றம் முதிர்ந்திருந்தது. மீண்டும் நடிக்கத் தொடங்கியபோது, தம் போர்ச்செயல்களைப் படத்தின் விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று ஒப்பந்தத்திலேயே விதித்தார். 1946-இல் வெளிவந்த இட்ஸ் எ ஒண்டர்புல் லைப் என்னும் படத்தில், வாழ்வை வெறுத்து நின்று, பின் தம் எளிய வாழ்வின் பயனை உணரும் ஒருவராக நடித்தார். அவ்வேதனையை நடிப்பென்று மட்டும் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. விமானப்படைத் தொடர்பை விடாது, 1959-இல் பிரிகேடியர் ஜெனரல் ஆகி, 1968-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே, இவர் தம் மகனாய் வளர்த்த ரொனால்டு வியட்நாம் போரில் மாண்டார். பிறர் மக்களின் இறப்பைப் பெற்றோருக்கு அறிவித்த தலைவர், தாமே அத்தகைய செய்தியைப் பெறும் தந்தையானார்.

1975-இல் இவர் மீண்டும் டிபெனம் சென்று, புல் முளைத்த பழைய ஓடுபாதையைக் கண்டார். 1997 ஜூலை 2-ஆம் நாள், 89-ஆம் வயதில் காலமானார்.

பட்டம் பெற்று வெளியே செல்லும் நாம் பலரும் ஏதேனும் ஒரு சிறு கூட்டத்திற்குத் தலைமை தாங்க நேரும். பள்ளியாகலாம், அலுவலகமாகலாம், சபையாகலாம். அங்கெல்லாம் முன்வரிசை நாற்காலியையே தலைமையென்று கொள்வார் உளர். டிபெனத்தின் மாலைப்பொழுதில் பனியிடையே நின்று, சென்றவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று எண்ணியவரின் நெஞ்சத்தில் இருந்ததே தலைமை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரை ஒருவர் குறையாமல் எண்ணும் அக்கண் நமக்கும் வாய்ப்பதாக.