மருத்துவர் ஹவ்வும் பத்துக் குழந்தைகளும்

ஹெலன் கெல்லரை அறியாத மாணவர் இலர். அவருக்குக் கற்பித்த ஆன் சல்லிவனையும் பலர் அறிவர். அந்த ஆசிரியை பயின்ற பாஸ்டன் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைவரான சாமுவேல் கிரிட்லி ஹவ் அவர்களைத்தான் நம்மில் பலர் அறியோம். அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை இங்கு எழுத விரும்புகிறேன். பேசும் திறனும் கற்கும் திறனும் குறைந்து பிறந்த குழந்தைகளுக்காக அவர் அரசாங்கத்தின் கதவைத் தட்டிய வரலாறு அது.

ஹவ் 1801ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை கப்பல் கயிறு செய்து விற்றவர். 1824இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு, துருக்கியரை எதிர்த்துப் போராடிய கிரேக்கர்களுக்கு உதவக் கப்பலேறிவிட்டார். அங்கு அவர் போர்க்கள மருத்துவர், போர்வீரரும் ஆனார். பசியால் வாடிய அகதிகளுக்காக அமெரிக்கா திரும்பி நிதி திரட்டினார். அந்த நிதியை வெறும் தானமாக அள்ளி வீசவில்லை. ஏஜினா தீவில் துறைமுகக் கரை கட்டும் வேலையைத் தொடங்கி, உழைத்தவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தார். கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார் போலும்.

1832இல் தந்தையின் வீட்டிலேயே சில குழந்தைகளைக் கொண்டு பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1837இல் லாரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமி வந்து சேர்ந்தாள். கண்ணும் இல்லை, காதும் இல்லை. கரண்டி, சாவி போன்ற பொருள்களின் மேல் புடைத்த எழுத்துகளை ஒட்டி, விரலால் தடவச் செய்து, மாதக் கணக்கில் பொறுமையோடு அவளுக்கு மொழியைக் கற்பித்தார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் நேரில் வந்து பார்த்து வியந்து எழுதினார். ஹவ்வின் புகழ் கடல் கடந்தது.

புகழோடு நின்றிருக்கலாம். ஆனால் பார்வைக் குறையோடு அறிவு வளர்ச்சியும் குன்றிய குழந்தைகள் சிலர் அவரிடம் வந்தனர். தக்க பயிற்சி தந்தபோது அவர்களும் தேறினர். அப்படியானால், கண் தெரிந்தும் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் மட்டும் ஏன் தேற மாட்டார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. அவர்களை அன்று 'இடியட்' என்றே ஏடுகளில் எழுதினர். அது அக்காலத்தில் மருத்துவர்களின் சொல். பின்னரே வெறும் வசைச் சொல் ஆயிற்று.

1846இல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் மூவர் குழு ஒன்றை அமைத்தது. ஹவ் அதில் ஒருவர். வேலையின் பெரும்பகுதியைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவரும் அவரே. ஊர் ஊராகச் சென்று 574 பேரைப் பார்த்துக் கணக்கெடுத்தனர். பலர் ஏழைகள் விடுதிகளில் மூலையில் முடங்கிக் கிடந்தனர். சிலர் வீட்டில் அன்போடு வளர்க்கப்பட்டும், என்ன செய்வதென்று அறியாத பெற்றோரால் எதையும் பழகாமல் இருந்தனர். 1848இல் அறிக்கை வெளிவந்தது. அதில் ஹவ் இரக்கத்தை மட்டும் கேட்கவில்லை. இந்த மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பணத்தில் பள்ளி நடத்துகிறது. அந்த 'எல்லா'வில் இவர்கள் இல்லையா என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

சட்டமன்றம் இசைந்தது. ஆண்டுக்கு 2,500 டாலர், மூன்று ஆண்டுகளுக்கு. பத்து ஏழைக் குழந்தைகளுக்குச் சோதனையாக. தலைக்கு 250 டாலர்! 1848 அக்டோபரில் பார்வையற்றோர் பள்ளியின் ஒரு பகுதியிலேயே வகுப்பு தொடங்கியது. இத்தகைய பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்த முதற்பள்ளி அதுவே.

பாடம் எப்படி? பாரிஸ் நகரில் எதுவார் செகன் என்பவர் வகுத்த வழியை அவர்கள் பின்பற்றினர். எழுத்துக்கு முன் உடல். உடலுக்குள் முதலில் கையும் காலும். நிற்க, நடக்க, பிடிக்க, தொட்டு அறிய, பின்பே பேச. இதே செகனின் நூல்களைப் படித்துத்தான் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் கல்வி முறையை உருவாக்கினார். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதலாமவன். என் தம்பிக்குப் பதினாறு வயது. சட்டைப் பித்தான் போட அவனுக்கு இன்றும் அம்மா வேண்டும். இரண்டாம் வகுப்பில் பள்ளியில் இருந்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பித்தான் போடுவதும் ஒரு பாடம், அதற்கும் ஒரு முறை உண்டு என்று 1848இல் சிலர் அறிந்திருந்தார்கள் என்பதைப் படித்தபோது, நூலகத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மூன்று ஆண்டுகளில் பத்துப் பேரும் பண்டிதர் ஆகிவிடவில்லை. ஆனால் முன்னேற்றம் கண்கூடாகத் தெரிந்தது. தாமே உண்ணவும் உடுத்தவும் சிலர் பழகினர், சிலர் பேசினர். சட்டமன்றம் பள்ளியை நிலையானதாக்கியது.

ஹவ்விடம் குறைகள் இல்லாமல் இல்லை. அடிமை முறையை எதிர்த்த அதே மனிதர், தம் மனைவி ஜூலியா வார்ட் ஹவ், புகழ் பெற்ற கவிஞர், பொது மேடை ஏறுவதை விரும்பவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, பிள்ளையின் குறைக்குப் பெற்றோரின் குடியும் ஒழுக்கக்கேடுமே பெரும்பாலும் காரணம் என்று அவர் அறிக்கையில் எழுதியதுதான். அறிவியல் மாணவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியவனாகிறேன். டவுன் குறைபாட்டுக்குக் காரணம் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதே என்று 1959இல் தெரிந்தது. தாய்க்கு அயோடின் குறைந்தாலும், பிறக்கும்போது குழந்தைக்கு மூச்சுத் திணறினாலும் மூளை பாதிக்கப்படும். என் அம்மாவையும் ஊரார் பலவாறு பேசியதுண்டு. அவர் செய்த குற்றம் என்ன?

இனி, என் மதிப்பில் ஹவ்வை உயர்த்திய செய்திக்கு வருகிறேன். 1866இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில் பார்வையற்றோர்க்குப் புதிய பள்ளி கட்ட அடிக்கல் நாட்டு விழா. அழைக்கப்பட்ட பெரியவர் ஹவ். பாராட்டிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களிடம், குறையுடையோரைப் பெருங்கட்டடங்களில் ஒன்றாகக் குவிப்பதே தவறு என்று பேசினார்! வேறு வழி இல்லாதபோது மட்டுமே இத்தகைய விடுதி, அதுவும் சிறியதாக. மற்றபடி பிள்ளை தன் வீட்டில், தன் ஊரில், மற்றப் பிள்ளைகளோடு வளரட்டும். வீடு இல்லாதவருக்கு இன்னொரு குடும்பம் தேடித் தரலாம் என்றார். பெல்ஜியத்தின் கேல் நகரில் மனநோயாளிகளை ஊர்க் குடும்பங்களே நூற்றாண்டுகளாகத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துவந்த முறையையும் அவர் போற்றினார். விடுதிப் பள்ளிகளை வளர்த்தே பெயர் பெற்ற ஒருவர், முதுமையில் இப்படிப் பேச எவ்வளவு துணிவு வேண்டும்!

கேட்டவர்கள் கேட்டார்கள், கட்டுகிறவர்கள் கட்டினார்கள். ஹவ் 1876 ஜனவரி 9ஆம் நாள் மறைந்தார். அவர் பத்துக் குழந்தைகளோடு தொடங்கிய பள்ளி பின்னர் வால்த்தம் என்னும் ஊருக்குப் பெயர்ந்து, ஃபெர்னால்டு என்ற பெயரோடு, இரண்டாயிரம் பேருக்கு மேல் அடைந்து கிடக்கும் இடமாக வளர்ந்தது. 1940களிலும் 50களிலும் அங்கிருந்த சிறுவர்களுக்கு, அறிவியல் சங்கம் என்று ஆசை காட்டி, கதிரியக்கம் கலந்த கஞ்சியைக் கொடுத்து ஆராய்ச்சி செய்தனர். அறிவியல் படிக்கும் நாம் இதை மறக்கலாகாது.

1970களில் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அரசுப் பணம் சிறிது சிறிதாக ஊர்களுக்குத் திரும்பியது. நான்கைந்து பேர் வாழும் சிறு வீடுகள், பகல்நேரப் பயிற்சி, வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவி என்று வழிகள் பிறந்தன. 2003இல் ஃபெர்னால்டை மூடப்போவதாக மாநில அரசு அறிவித்தபோது, அங்கிருந்தோரின் உறவினர் பலர் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கட்டடத்தை மூடுவது எளிது. அதற்குச் செலவான பணமும் ஆளும் பிள்ளையின் பின்னாலேயே ஊருக்கு வருமா என்பதே அவர்களுடைய அச்சம். எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார் என்று என் அம்மா கேட்பதும் அதே கேள்விதான்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2014 நவம்பரில் கடைசியாக இருந்த ஒருவரும் வெளியேற, பள்ளி மூடப்பட்டது. முதல் பத்துக் குழந்தைகள் வந்து 166 ஆண்டுகள் ஆகியிருந்தன.