கண்ணால் தூரம் அளந்த விவசாயி

நம் கல்லூரி என்.சி.சி.யில் என்னோடு ரைபிள் பிடித்த நண்பர்களுக்கும், இன்று பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒருவரை அறிமுகம் செய்ய ஆசை. பெயர் சிமோ ஹைஹா. பின்லாந்துக்காரர், குள்ளமான ஆள்.

1905 டிசம்பர் 17-ல் ரவுத்யார்வி என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 17 வயதில் ஊர்க்காவல் படையில் சேர்ந்து, சுடும் போட்டிகளில் பரிசுகளைக் குவித்தார்.

1939 நவம்பர் 30-ல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. ஹைஹா கொல்லா முனையில் வெள்ளை உடுப்போடு பனியில் படுத்தார். கையில் எம்/28-30 ரைபிள்; டெலஸ்கோப் வேண்டாமென்றுவிட்டார். கண்ணாடி வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும், குளிரில் மங்கிப்போகும், தலையையும் கொஞ்சம் தூக்கவேண்டி வரும்.

சரி, அப்போ தூரம் எப்படித் தெரியும்? நமக்கு 25 மீட்டர் என்று வாத்தியார் சொல்லிவிடுவார். போர்க்களத்தில் யார் சொல்வது? குண்டு போகப் போகத் தாழும். தூரம் தப்பினால் குறியும் தப்பும். இதற்கொரு கணக்கு உண்டு. ஃபோர்சைட் முனை 2 மில்லிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அரை மீட்டர் அகலத் தோள் அந்த முனையில் சரியாக மறைந்தால், ஆள் 175 மீட்டரில் நிற்கிறான். தோள் இரண்டு மடங்காகத் தெரிந்தால் பாதித் தூரம். பள்ளிக்கூட முக்கோணக் கணக்குதான்!

ஆனால் வெட்டவெளிப் பனியில் தூரத்து ஆளும் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரியும். படுத்திருப்பவனின் தோள் தெரியவே தெரியாது. அங்கேதான் பழகிய கண் வேண்டும். 150 மீட்டர் வரை ஒரு மீட்டர் பிசகுக்குள் ஹைஹா சொல்லிவிடுவார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார்.

நூறு நாளுக்குள் அவர் வீழ்த்தியவர்கள் 500-க்கும் மேல் என்பார்கள். அந்த எண்ணுக்குக் கைதட்ட எனக்கு மனசு வரலை. முனையில் மறைந்த ஒவ்வொரு தோளும் ஒரு தாய் பெற்ற பிள்ளையின் தோள்.

1940 மார்ச் 6-ல் ஒரு குண்டு அவர் தாடையைச் சிதைத்தது. 13-ம் தேதி நினைவு திரும்பியபோது போர் முடிந்திருந்தது. பல அறுவை சிகிச்சைகள், முகமே மாறிப்போனது. பிறகு விவசாயம், நாய் வளர்ப்பு, வேட்டை என்று அமைதியாக வாழ்ந்தார். எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமையடிக்கிற ஆள் இல்லை. 2002 ஏப்ரல் 1-ல், 96 வயதில் ஹமினாவில் காலமானார்.

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கே மைதானத்தில் நின்று கொடிமரம் எத்தனை மீட்டர் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, காலடி வைத்து அளந்து பாருங்கள். தினம் செய்தால் கண் தேறும். அவரிடமிருந்து அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுவதற்கு நமக்கு அட்டை போதும்.