மாட்டுப் பண்ணையில் ஒரு முதிய மாணவர்

புதுச்சேரிக் கடற்கரையில் கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள் சிலையை அறியாதார் இல்லை. அவர் தமது 57ஆம் வயதில் மாடு வளர்ப்புப் பாடம் கேட்கச் சென்ற மாணவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1869இல் போர்பந்தரில் பிறந்த காந்தி, வணிகர் குலத்தவர், கற்றது சட்டம். தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ், டால்ஸ்டாய் பண்ணைகளில்தான் மண்ணோடு நெருங்கிய உறவு கொண்டார். கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை அறிந்து, 1912இல் பால் அருந்துவதையே கைவிட்டார். பின்னர் நோயுற்று ஆட்டுப்பால் அருந்த நேர்ந்ததைத் தமது குறையாகவே கருதினார்.

1924இல் பெல்காமில் கூடிய பசுப் பாதுகாப்பு மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். பசுவின் நலிவுக்குப் பிற சமயத்தாரைப் பழிப்பதை அவர் ஏற்கவில்லை. தீவனப் பற்றாக்குறை, தரமற்ற பொலிகாளை, வரவு செலவு அறியாத வளர்ப்பு முறை ஆகியவற்றையே காரணங்களாகக் கண்டார். அன்பு இருந்தது, அறிவு இல்லை என்பதே அவருடைய கணிப்பு.

அக்குறையை முதலில் தம்மிடமே களைய முற்பட்டார். 1927இல் உடல் நலிந்து நந்தி மலையில் ஓய்வெடுத்தபின் பெங்களூர் வந்தவர், அங்கிருந்த அரசுக் கால்நடை, பால்வள நிறுவனத்திற்குச் சென்றார். வில்லியம் ஸ்மித் என்னும் ஆங்கிலேய வல்லுநரிடம் பாடம் கேட்டார். வருகைப் பதிவேட்டில் தம்மை உழவர் என்றே குறித்தார்.

கோசாலைகள் முதிய மாடுகளின் புகலிடமாக மட்டும் இருத்தல் போதாது என்பது அவருடைய பொருளியல். அவை நெரிசல் மிகுந்த நகரை விட்டு அகன்று, மேய்ச்சல் நிலத்தோடு அமைய வேண்டும். நல்ல காளையும் பால்பண்ணையும் இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் கூடமும் வேண்டும். பால், எரு, தோல் ஆகியவற்றின் வருவாயே பால் வற்றிய மாட்டையும் காக்கும். தன் செலவைத் தானே ஈட்டாத பசுவை எந்தச் சட்டமும் நெடுநாள் காவாது என அவர் உணர்ந்திருந்தார்.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீரா வேதனையில் துடித்த கன்றொன்றை ஊசியால் துயர் நீக்கச் செய்தார். கண்டனங்கள் குவிந்தன; அவர் தம் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

1934இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரிக்கும் வந்தார். 1948இல் மறைந்தார்.

இன்று நம் வீதிகளில் மாடுகள் நெகிழிப் பைகளை மெல்லுகின்றன. மேய்ச்சல் புறம்போக்குகள் மனைகளாகிவிட்டன. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்குள்ள அறிவு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் கொட்டகை வரை செல்ல வேண்டும். பசும்புல் விளைய ஊர்தோறும் சிறிதளவு நிலமேனும் எஞ்ச வேண்டும். சிலைக்கு மாலை அணிவிப்போர் அந்த முதிய மாணவரின் பாடத்தையும் நினைவில் கொள்வார்களாக.