கம்யூனிசத்தை வெறுத்த கர்னலும் சீனத்து அரிசியும்

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் புதிதல்ல. காட்டுக்குள் வரிசையாக நிற்கும் அந்தத் தாங்கிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தியா, சீனா, அமெரிக்கா என்று இன்றைய பெயர்களைத்தான் நாங்கள் அடுக்குகிறோம். இந்தத் துறைமுகத்தை வைத்து வல்லரசுகளோடு பேரம் பேசிய முன்னைய தலைமுறையில் ஒருவரை நாங்கள் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அவர் இலங்கையின் மூன்றாவது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல. அவருடைய அரசியல் எனக்கு உவப்பானது அல்ல. ஆனாலும் ஆக்கிரமிப்பு, பொருளாதாரத் தடை, விசுவாசம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட ஒரு பழைய படையாள் என்ற வகையில் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1897 ஏப்ரல் 4ஆம் திகதி பிறந்தார். தந்தை பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். மைத்துனர் கொலை வழக்கில் கைதாகி, 1907இல் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். காரீயச் சுரங்கங்களுக்குச் சொந்தமான அத்திகல குடும்பத்தில் பிறந்த தாயாரே மகனை ஆளாக்கினார். தாயின் சகோதரி ஒருவர் டி. எஸ். சேனநாயக்கவின் அண்ணன் எப். ஆர். சேனநாயக்கவின் மனைவி. இந்த உறவு பின்னால் வரும் கதைக்கு முக்கியம். றோயல் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ் என்று படித்துவிட்டு வந்தவர், 1922இல் இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்து கர்னல் தரம் வரை உயர்ந்தார். 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, 1936இல் போக்குவரத்து, மராமத்து அமைச்சரானார்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவர் அந்த அமைச்சில் இருந்தார். ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது வீழ்ந்தது. உருகி நெளிந்த அதன் எச்சத்தை இன்றும் சீனக்குடாவில் காணலாம். அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சிறிய நாட்டைப் பெரிய நாடு தாக்க வந்தால் தனியே நின்று தாங்க முடியாது, பலமான நண்பன் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே கொத்தலாவல கடைசிவரை மாற்றாத நிலைப்பாடு.

1947 பாதுகாப்பு உடன்படிக்கையின்படி சுதந்திரத்துக்குப் பிறகும் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் தங்கியது. இதற்கு ஒரு விலை இருந்தது. பிரித்தானியத் தளங்கள் உள்ள நாடு உண்மையில் சுதந்திர நாடா என்று கேட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை சேருவதைச் சோவியத் ஒன்றியம் தனது வீட்டோவால் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் இலங்கைக்கு இடம் கிடைத்தது. கொத்தலாவலவின் சோவியத் எதிர்ப்பை வளர்த்ததில் இந்தத் துறைமுகத்துக்கும் பங்குண்டு.

அந்த வாசலடைப்பு இன்னொரு வகையில் உதவியது. கொரிய யுத்தத்தின்போது, 1951 மே மாதம், சீனாவுக்குப் போர்ப் பயன்பாட்டுப் பொருட்களை அனுப்பக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. இறப்பரும் அந்தத் தடைக்குள் வந்தது. இலங்கையோ ஐ.நா.வின் உறுப்பு நாடு அல்ல. அப்போது இறப்பர் விலை சரிந்து, அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. சீனா இறப்பருக்குச் சந்தையை விடக் கூடிய விலை தர முன்வந்தது. 1952 டிசம்பர் 18ஆம் திகதி பீஜிங்கில் இறப்பர் அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், அதற்கு மாற்றாக 270,000 தொன் அரிசி, ஐந்து ஆண்டுகளுக்கு. கையெழுத்திட்ட வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க, கொத்தலாவலவின் சின்னம்மாவின் மகன். அமெரிக்கா தன் சட்டத்தைக் காட்டி இலங்கைக்கான உதவியை மறுத்தது. அந்த நிலை 1956 வரை நீடித்தது.

அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதற்கு எதிராக 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. டட்லி சேனநாயக்க பதவி விலக, ஒக்டோபரில் கொத்தலாவல பிரதமரானார். கம்யூனிஸ்ட்டுகளைக் கடுமையாக வெறுத்த ஒருவரின் கையில் கம்யூனிஸ்ட் சீனாவுடனான ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கிழித்துப் போடவில்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவுக்குப் போய் வந்த பின்னரும் ஒப்பந்தம் தொடர்ந்தது. நட்பு வேறு, சாப்பாட்டுக் கோப்பை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டு, அந்த ஏற்பாடு 1982 வரை நீடித்தது.

மற்ற விடயங்களில் அவர் மேற்கின் பக்கமே சாய்ந்தார். 1954இல் இந்தோசீனாவுக்குப் பிரெஞ்சுப் படைகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் இறங்க அனுமதித்தார். இந்தியா தன் வான்பரப்பையே மறுத்திருந்தது. ஆனால் அதே ஆண்டு கொழும்பில் ஐந்து ஆசியப் பிரதமர்களைக் கூட்டி இந்தோசீனச் சமாதானம் பற்றிப் பேசியவரும் அவரே. தென்கிழக்காசிய இராணுவக் கூட்டான சீட்டோவில் இலங்கையைச் சேர்க்கவும் இல்லை.

1955 ஏப்ரலில் பண்டுங் மாநாட்டில் மேற்கத்தேயக் காலனித்துவத்தைக் கண்டிக்க எல்லோரும் தயாராக இருந்தபோது, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனித்துவம்தானே என்று கேட்டார். நேரு கோபப்பட்டார். சூ என்லாய் விளக்கம் கேட்டார். கண்டனத் தீர்மானம் கோரவில்லை என்று கொத்தலாவல சமாளித்தார். அடுத்த ஆண்டே ஹங்கேரிக்குள் சோவியத் தாங்கிகள் புகுந்தன. அதே நாட்களில் பிரித்தானியா சுயெஸ் மீது படையெடுத்தது. முதல் நிகழ்வு கொத்தலாவலவின் வாதத்தைச் சரியென்று காட்டியது. இரண்டாவது, அவர் நம்பிய நண்பனே ஆக்கிரமிப்பாளனாக முடியும் என்று காட்டியது. திருகோணமலையில் அந்நியத் தளம் இருந்தால், எவரோ தொடங்கும் போரில் நாங்களும் இழுபடுவோம் என்ற எதிர்வாதத்துக்கு இதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

உள்நாட்டில் அவருடைய விசுவாசம் இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. 1954 ஜனவரியில் மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி நேருவுடன் உடன்படிக்கை செய்தார். ஆர். ஜி. சேனநாயக்க அதை எதிர்த்து அமைச்சரவையை விட்டு விலகினார். நாடற்றவர்களின் நிலையோ மாறவில்லை. அதே ஆண்டு யாழ்ப்பாணம் சென்ற கொத்தலாவல, கொக்குவிலில் நடந்த வரவேற்பில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்துக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்துவதாக வாக்களித்தார். தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார். 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்றது. கட்சியோடு நின்ற தமிழ்ப் பிரமுகர்களுக்கு வெளியேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இவ்வளவு விட்டுக்கொடுத்தும் தேர்தலில் வெல்ல முடியவில்லை. ஏப்ரல் 1956இல் கட்சிக்குக் கிடைத்தவை எட்டு ஆசனங்கள். களனியில் ஜே. ஆர். ஜெயவர்தனவைத் தோற்கடித்தவர் அதே ஆர். ஜி. சேனநாயக்க. திருகோணமலைத் தொகுதியைத் தமிழரசுக் கட்சி வென்றது. ஓகஸ்டில் அக்கட்சி தன் மாநாட்டை இங்கேயே கூட்டியது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி, பண்டாரநாயக்க ஆட்சியில், பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் இறைமை மீண்டது என்று அது கொண்டாடப்பட்டது. அந்த நேரத்தில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. துறைமுகம் எங்கள் நாட்டுடையதானது. அந்த நாட்டின் அலுவலகங்களில் எங்கள் மொழி செல்லாக் காசானது.

தோல்விக்குப் பிறகு கொத்தலாவல இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் ஒரு பண்ணையில் நெடுங்காலம் வாழ்ந்தார். பின்னர் நாடு திரும்பி, 1980 ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார். இரத்மலானையில் இருந்த தனது கந்தவல இல்லத்தைப் பாதுகாப்புக் கல்விக்கென வழங்கினார். இன்றைய கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் அதிலிருந்து பிறந்தது. அங்கு பட்டம் பெறும் கடற்படைப் பயிலிளவல்கள் பயிற்சிக்கு வருவது திருகோணமலைக்குத்தான்.

2022இல் டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாங்கள் வரிசையில் நின்றபோது, மேற்கின் தடைகளுக்கு நடுவே ரஷ்ய மசகெண்ணெய் இலங்கைக்கு வந்தது. அது சரியா, தவறா என்று கொழும்பில் விவாதித்தார்கள். 70 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்விக்கு ஒரு வலதுசாரி அரசாங்கம் பதில் சொல்லியிருந்தது: பசித்த நாடு, தான் போடாத தடைக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அந்தப் பதிலில் எனக்கு முரண்பாடு இல்லை. வாஷிங்டனின் அழுத்தத்துக்கு வளையாத அதே மனிதர், களனியில் கூடிய தன் சொந்தக் கட்சிக்கு வளைந்தார் என்பதே என் மனக்குறை. கொக்குவிலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பீஜிங் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிய உறுதியில் பாதி போதுமாக இருந்திருக்கும்.