200 டாலர் எதிர்பார்த்தார், 5,000 டாலருக்கு ஆர்டர் வந்தது: வாழ்த்து அட்டையைத் தொழிலாக்கிய எஸ்தர் ஹவ்லேண்ட் யார்?

லேஸ் மாதிரி வெட்டிய காகிதம், ரிப்பன், ஒட்டிய பூப்படங்கள். காதலர் தின அட்டை என்றதும் கண்முன் வரும் இந்த வடிவத்தை அமெரிக்காவில் பரவலாக்கியவர் எஸ்தர் ஹவ்லேண்ட்.

1828-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அப்பாவுக்கு புத்தகம், எழுதுபொருள் விற்கும் கடை. 1847-ல் படிப்பை முடித்து வீடு திரும்பியவருக்கு, அப்பாவின் தொழில் நண்பரிடமிருந்து இங்கிலாந்தில் செய்த காதலர் தின அட்டை ஒன்று வந்தது. அழகுதான், ஆனால் வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விலை அதிகம். இதை இங்கேயே செய்யலாமேனு எஸ்தருக்குத் தோன்றியது.

அப்பா லேஸ் காகிதத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். எஸ்தர் செய்த சுமார் ஒரு டஜன் மாதிரி அட்டைகளை, அண்ணன் தம்பிகளில் ஒருவர் விற்பனைப் பயணத்தில் எடுத்துப்போனார். 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தாலே பெரிசுனு நினைத்திருந்தார் எஸ்தர். வந்ததோ 5,000 டாலருக்கு!

தனியாளாகச் செய்ய முடியாதே? வீட்டு மாடியிலேயே தோழிகளை உட்கார வைத்தார். ஒருவர் படம் வெட்டுவார், இன்னொருவர் அடித்தாளில் ஒட்டுவார், அடுத்தவர் லேஸ் வைப்பார். எஸ்தர் செய்துவைத்த மாதிரியைப் பார்த்துப் பார்த்து அட்டை கைமாறிப் போகும். ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இதே முறையைக் கொண்டுவந்தது 1913-ல்தான்! வெளியே வர முடியாத பெண்களுக்குப் பொருட்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பினார். செய்து முடித்த அட்டைகளை ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்வார்கள். கூலியும் உண்டு.

அட்டையிலும் புதுமை இருந்தது. வெள்ளை லேஸுக்கு அடியில் பளிச்சென்ற வண்ணத் தாள் வைத்தார். காகிதத்தை மடித்து ஸ்பிரிங் போலச் செருகியதால் மேல் அடுக்கு தூக்கி நிற்கும். உள்ளே இருக்கும் கவிதை பிடிக்கலையா? வேறொன்றைத் தேர்ந்தெடுத்து மேலே ஒட்டிக்கொள்ள, கவிதைத் தொகுப்பு ஒன்றையும் 1879-ல் வெளியிட்டார்.

இடையில் முழங்காலில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழிலைக் கவனித்தார். நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி என்ற பெயரில் வளர்ந்த வியாபாரம், ஆண்டுக்கு 1 லட்சம் டாலரைத் தொட்டதாகச் சொல்கிறார்கள்.

வருத்தமான விஷயம் இனிமேல்தான். 1880-களின் தொடக்கத்தில் அப்பா நோயில் விழுந்தார். அவரைக் கவனிக்க, 30 வருஷத்துக்கும் மேல் கட்டி எழுப்பிய கம்பெனியை அதே ஊரைச் சேர்ந்த போட்டியாளர் ஜார்ஜ் விட்னியிடம் விற்றுவிட்டார். விட்னி கம்பெனி 1942 வரை ஓடியது. எஸ்தர் 1904-ல் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பழைய அட்டை சேகரிப்பவர்கள் இன்றும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். சிவப்பு மையில் சின்னதாக 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது ஹவ்லேண்ட் அட்டை.