பூட்டில் பொறித்த பெயர்

பணி ஓய்வுக்குப் பின் குடியேறிய வீட்டுக்கு நான் வாங்கிய முதல் பூட்டின் விலை 300 ரூபாய்க்கும் குறைவு. கையில் எடுத்தபோது கனமாகவும் பளபளப்பாகவும் இருந்தது. ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டு, சாவி செய்பவரை அழைத்து வந்தேன். வளைந்த இரண்டு கம்பிகளை உள்ளே விட்டார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் பூட்டு திறந்துகொண்டது. மாணவர்களுக்குச் சந்தையின் இயல்பைப் பல்லாண்டுகள் போதித்த நான், கனத்தையும் பளபளப்பையும் தரம் என்று நம்பி ஏமாந்திருந்தேன்.

விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் என்ன நிகழும் என்பதை, பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் விளக்கினார். நல்ல பொருளையும் மட்டமான பொருளையும் வேறுபடுத்த முடியாத வாங்குபவர் இரண்டுக்கும் ஒரே விலையைத்தான் தரத் துணிவார். அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல பொருள் சந்தையிலிருந்து விலகிவிடும். பூட்டின் நிலை இன்னும் மோசம். பழைய காரின் குறை சில மாதங்களில் தெரிந்துவிடும். பூட்டின் குறையோ திருடன் வரும் நாளில்தான் தெரியும். அவன் வராதவரை மட்டமான பூட்டும் நல்ல பூட்டுபோலவே தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தச் சிக்கலைத் தம் தொழில் வாழ்வில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் அர்தேஷிர் கோத்ரெஜ். 1868-இல் பம்பாயில் பார்சி குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மணமான சிறிது காலத்திலேயே மனைவியை இழந்த அவர், மறுமணம் செய்துகொள்ளவில்லை. சட்டம் பயின்று, 1894-இல் வழக்கறிஞராகச் சான்சிபார் சென்றார். அங்கே ஒரு வழக்கில், தமக்கு உண்மை என்று படாத ஒன்றை நீதிமன்றத்தில் உண்மைபோல வாதிட வேண்டிய நிலை வந்தது. அவர் மறுத்தார். அத்தோடு வழக்கறிஞர் தொழிலுக்கே முழுக்குப் போட்டுவிட்டு, மறு ஆண்டே நாடு திரும்பினார்.

பம்பாயில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபடியே, அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் முயற்சியில் இறங்கினார். அதற்குக் கடன் கொடுத்தவர் மேர்வான்ஜி காமா என்ற குடும்ப நண்பர். கருவிகளின் தரத்தில் குறை இல்லை. ஆனால், இந்தியாவில் செய்யப்பட்டவை என்று அவற்றில் பொறிக்க வேண்டும் என்றார் அர்தேஷிர். அப்படிப் பொறித்தால் விலை போகாது என்றார் வாங்க இருந்த ஆங்கிலேயர். இருவரும் இறங்கி வரவில்லை. தொழில் முளையிலேயே கருகியது. பெயரை மறைத்திருந்தால் வணிகம் நடந்திருக்கும். செய்த பொருளுக்குப் பொறுப்பேற்க முடியாத வணிகம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்நாள்களில் பம்பாயில் வீடு புகுந்து திருடுவது பெருகிவருவதாக நாளிதழில் வந்த செய்தி ஒன்று அவர் கண்ணில் பட்டது. மீண்டும் காமாவின் உதவியை நாடினார். 1897 மே மாதம், லால்பாக் பகுதியில் சிறு கொட்டகை ஒன்றில், விரல்விட்டு எண்ணத்தக்க தொழிலாளர்களுடன் பூட்டுத் தொழில் தொடங்கியது. காமாவின் உறவினரான பாய்ஸ் சில காலம் பங்குதாரராக இருந்து விலகினார். அவர் விலகிய பின்னும் அவர் பெயரை நிறுவனத்திலிருந்து நீக்கவில்லை அர்தேஷிர்.

அவர் எதிர்கொண்ட தொழில்நுட்பச் சிக்கல் எளிதானதன்று. நெம்புத் தகடுகள் கொண்ட பூட்டில், சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லாத் தகடுகளும் சரியான உயரத்தில் நின்றால்தான் தாழ் நகரும். 4 தகடுகள், ஒவ்வொன்றுக்கும் 4 உயரங்கள் என்று கொண்டால் 256 வகைச் சாவிகள் கணக்கில் வரும். 6 தகடுகள் எனில் 4,096. ஆனால், அத்தனை வகைகளையும் செய்யச் செலவாகும். செலவைக் குறைக்க நினைப்பவர் சில வகைகளை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்வார். ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டையும் திறக்கும். தகடுகளுக்கிடையே தளர்வு இருந்தாலோ, தாழை இலேசாக அழுத்தியபடி ஒவ்வொரு தகடாகத் தடவிப் பார்த்துத் திறந்துவிடலாம். என் வீட்டு வாசலில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது எனப் பெயர்பெற்ற சப் நிறுவனப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். கடைச் சாளரத்தில் பல்லாண்டுகள் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டுக்கு அவருக்கு 16 நாள்களில் 51 மணி நேரம் தேவைப்பட்டது. திறக்க முடியாத பூட்டு என்று எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

அர்தேஷிர் தம் பூட்டு ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி என்பதில் உறுதியாக நின்றார். தகடுகளை அழுத்தும் சிறு வில்கள் தளர்ந்தும் துருப்பிடித்தும் பூட்டைக் கெடுப்பதைக் கண்டு, வில்லே இல்லாத பூட்டை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். பின்னர் இரும்புப் பெட்டகங்கள் செய்தார். விலங்குக் கொழுப்பு சேராத தாவர எண்ணெய்ச் சோப்பையும் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சாவி. மராத்தியிலும் குஜராத்தியிலும் அதற்கு நாம் அறிந்த அதே பொருள்தான்.

திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் வழங்கிய தேசபக்தர் அவர். ஆயினும், நம் நாட்டுப் பொருள் என்பதற்காக மட்டமானதையும் மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. தேசப்பற்றைத் தரக்குறைவுக்குத் திரையாக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலத்தில் தொழிலைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக்கில் வேளாண்மையில் ஈடுபட்டார். 1936-இல் மறைந்தார்.

நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவினைக்குக் கிடைத்த உரிய மதிப்பு அது. ஆனால், புவிசார் குறியீடு பூட்டு எங்கே பிறந்தது என்று சொல்லும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லாது. அதைச் சொல்லும் அடையாளம்தான் மலிவு விலைப் பூட்டுகளில் இல்லை. பிரிட்டனில் வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, கதவில் உள்ள பூட்டு தரநிலைக்கு உட்பட்டதா என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியே அங்கு நல்ல பூட்டுக்குச் சந்தையை உருவாக்குகிறது. இங்கும் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கத் தொடங்கலாம். தகடுகள் எத்தனை, சாவி வகைகள் எத்தனை, கள்ளச் சாவிக்கு எவ்வளவு நேரம் ஈடுகொடுக்கும் என்பதை அட்டையில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை நம்மால் இயன்றது சிலவே. எடையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே கடையில் ஒரே வகைப் பூட்டுகள் நான்கைந்தை எடுத்து, ஒன்றின் சாவியால் மற்றவற்றைத் திறந்து பாருங்கள். பூட்டிய நிலையில் வளையக் கம்பியை ஆட்டிப் பாருங்கள். கொண்டியும் நாதாங்கியும் சிறு திருகாணிகளில் தொங்கினால் எந்தப் பூட்டும் பயன் தராது. திருடர்களில் பலர் பூட்டைத் திறப்பதில்லை, பெயர்க்கிறார்கள்.

வசதியுள்ளவர் நல்ல பூட்டை வாங்கிவிடுவார், காவலாளியையும் வைத்துக்கொள்வார். ஒற்றை அறைக் குடித்தனத்தில் வாழ்நாள் சேமிப்பை வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த மலிவுப் பூட்டு ஒன்றே காவல். அவர் கொடுக்கும் 200 ரூபாய்க்கு என்ன பாதுகாப்பு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறியும் உரிமை அவருக்கு உண்டு. தம் நாட்டின் பெயரைப் பொறிக்க முடியாத கருவியை விற்க மறுத்த மனிதரின் வாழ்க்கை, இன்றைய பூட்டு வணிகத்திடம் எதிர்பார்ப்பதும் அந்த நேர்மையைத்தான்.