வானை அளந்த வைணு பாப்பு

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்றிசை நோக்குவோருக்குப் பழனி மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அம்மலைமீது, கொடைக்கானலில், 1899-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பெற்ற சூரிய ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நம்மவரில் பலர் அறிவர். அதன் தலைவராயிருந்து பாரத வான சாஸ்திரத்தை உலகத்தார் மதிக்கும்படி செய்த வைணு பாப்புவின் சரித்திரத்தை அறிந்தோர் சிலரே.

அவர் 1927 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானிலையத்தில் ஊழியம் புரிந்தவர். ஆதலின் தொலைநோக்கி அவருக்கு இளமைத் தோழனாயிற்று. அமெரிக்காவில் ஹார்வர்டில் கற்கையில், 1949 ஜூலையில் புதியதொரு வால் நக்ஷத்திரத்தைக் கண்டார். அது அவர் பெயரையும், பாக், நியூகர்க் என்னும் இருவர் பெயரையும் தாங்கியது. பின்னர் ஒலின் வில்ஸனுடன் ஆராய்ந்து, நக்ஷத்திர ஒளியிலுள்ள கால்ஷியக் கோட்டின் அகலத்தைக் கொண்டே அந்நக்ஷத்திரத்தின் உண்மைப் பிரகாசத்தை அறியும் வழியை 1957-ல் வெளியிட்டார்.

அந்நாட்டிலேயே தங்கியிருந்தால் பெருங் கருவிகள் யாவும் கைக்கெட்டியிருக்கும். அவரோ தாய்நாடு திரும்பி, 1954-ல் உத்தரப் பிரதேச வானிலையத்தின் பொறுப்பேற்று, அதை நைனிதால் மலைக்குக் கொண்டு சென்றார். 1957 அக்டோபரில் ருஷியரின் முதற் செயற்கை உபகிரகம் பறந்தது. அத்தகையவற்றைப் படமெடுக்க அமெரிக்க ஸ்மித்ஸோனியன் நிலையத்தார் உலகெங்கும் நிறுவிய 12 பெருங் காமிராக்களுள் ஒன்று நைனிதாலில் அமைந்தது. அந்தி, வைகறைப் பொழுதுகளில் தரை இருண்டிருக்கும். உயரே செல்லும் உபகிரகத்தின்மேலோ சூரிய ஒளி வீசும். நக்ஷத்திரங்களின் நடுவே அது நின்ற இடத்தையும், நொடி பிசகாத நேரத்தையும் குறித்தால் அதன் பாதையைக் கணக்கிடலாம். பாதை குன்றுவதிலிருந்து மேல்வானத்துக் காற்றின் அடர்த்தியும் புலனாகும்.

1960-ல், தமது 33-ம் பிராயத்துக்குள், பாப்பு கொடைக்கானல் நிலையத்தின் தலைவரானார். சூரியனுக்கு உகந்த அம்மலை, மேகமிகுதியால் இரவு ஆராய்ச்சிக்குப் போதாதெனக் கண்டு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். உள்நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 1968-ல் அங்கே வேலை தொடங்கிற்று. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. 1979-ல் சர்வதேச வானவியல் சங்கம் அவரைத் தலைவராக்கிக் கொண்டது.

விலைக்கு வாங்கிய கருவியோடு அவர் மனம் அமையவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம்மவரே அமைக்கவேண்டுமெனத் துணிந்தார். கண்ணாடி வட்டு அயல்நாட்டினது. அதைத் தேய்த்து மெருகிட்ட கைகள் நம்முடையவை. வேலை முடியுமுன், 1982 ஆகஸ்டு 19-ந் தேதி, ஜெர்மனியின் மியூனிச் நகரில் அவர் காலமானார். 1986-ல் திறக்கப்பெற்ற அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

தாம் நட்ட மரத்தின் கனியை அவர் உண்ணவில்லை. இன்று பூமியைச் சுற்றி உபகிரகங்களும் அவற்றின் உடைசல்களும் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. அவற்றைக் கண்காணிக்கும் கருவிகளைப் பிறரிடம் இரவல் கேட்பதா, நாமே ஆக்குவதா என்னும் வினாவுக்குப் பாப்புவின் வாழ்க்கையே விடையாகும். அவ்விடையை நமது இளைஞர் மறவாதிருப்பாராக!